மலையும் கடலும் பார்த்துவிட்டு வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லைங்க. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்குப் பேசுறேன்னு ஏறி, பாதியில மறந்துபோய் அழுதுக்கிட்டே இறங்கினவ நான். அதனால இந்தத் தடவை நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். பார்த்துப் படிச்சா தப்பா நினைக்காதீங்க. போன மாசி மாசம் நம்ம கூட்டமைப்புல இருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கண்டுணர் பயணம் போனோமில்லைங்களா, அதைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க.

முதல்ல நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். வீட்டுல ரெண்டு எருமை, பத்து ஆடு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. எங்க வீட்டுக்காரர் ரிக் வண்டியில வேலை பார்க்கிறவர், வருஷத்துல எட்டு மாசம் ஊர்ல இருக்க மாட்டார். எங்க அத்தைதான் "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன். நானும் கடலைப் பார்க்காமலே கிழவியாயிட்டேன், நீயாவது பாரு"ன்னு சொன்னாங்க. அதை ஏன் சொல்றேன்னா, அத்தையைப் பத்திப் பின்னால கொஞ்சம் சண்டையும் சொல்லப் போறேன். நல்லதை முதல்ல சொல்லிடணும் இல்லைங்களா.

ராத்திரி ஏழு மணிக்கு பஸ் கிளம்புச்சு. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரைன்னு தூங்கித் தூங்கி விழுந்தோம். விடியக்காலையில முப்பந்தல் பக்கம் முழிச்சுப் பார்த்தா காத்தாடி காத்தாடியா நிக்குது. ஆரல்வாய்மொழி தாண்டினதும் ஊரே வேற. நம்ம பக்கம் மாசி மாசம்னா வரப்பு எல்லாம் காய்ஞ்சு மண்ணு வெடிச்சிருக்கும். அங்கே வாழை, தென்னை, குளம், மறுபடி குளம். தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு அந்த மாவட்டத்துக்கு. கிணத்துல எட்டிப் பார்த்தா நம்ம முகம் தெரியுது. நம்ம ஊர்ல ஆயிரம் அடி போட்டும் புகை வந்ததைப் பார்த்தவங்க நாம. எங்க குழுவுல ஒரு அக்கா அந்தக் கிணத்தைச் சுத்திச் சுத்தி வந்து, "இந்த ஊர்ல ரிக் வண்டிக்காரன் பட்டினி கிடப்பான்"னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சோம்.

காலையில மலைப்பக்கம், மறுநாள் கடல்பக்கம்னு திட்டம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒண்ணரை மணி நேரப் பயணம்தான். அவ்வளவு சின்ன மாவட்டம்.

பேச்சிப்பாறை அணை பார்த்தோம். 1906ல திருவிதாங்கூர் ராஜா காலத்துல கட்டி முடிச்சது. கட்டின இஞ்சினியர் மிஞ்சின் துரையோட சமாதியும் அங்கேயே இருக்கு. அணைக்கு மேல காட்டுக்குள்ள காணி மக்கள் குடியிருப்பு. தண்ணிக்கு அந்தக் கரையில இருக்கிறவங்க ரேசன் வாங்கவும் ஆஸ்பத்திரி போகவும் படகுலதான் வரணுமாம். கொல்லிமலையில இருந்து நம்ம கூட வந்த ரெண்டு சகோதரிங்க அதைக் கேட்டு, "எங்களுக்குப் பரவாயில்லை, எழுபது கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் பஸ்ஸாவது வருது"ன்னு சொன்னாங்க.

மாத்தூர் தொட்டிப்பாலத்துல நடந்தோம். காமராசர் கொண்டுவந்த திட்டம், 1966ல கட்டினது. பாலத்து மேல தொட்டி மாதிரி வாய்க்கால் ஓடுது. 1240 அடி நீளம், 28 தூண். கீழே பரளியாறு 115 அடி ஆழத்துல தெரியுது. நான் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துட்டேன், தலை சுத்திடுச்சு. அதனால அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு வேற யாரையாவது கேட்டுக்குங்க.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம். மாசியில இலை உதிர்ந்து புதுத் துளிர் வர்ற நேரம்கிறதால பால்வெட்டு நிறுத்தியிருந்தாங்க. மரத்துக்கு மரம் சிரட்டை மட்டும் கவுத்து மாட்டியிருந்துச்சு. ஆனா அந்த நேரம்தான் தேனுக்குச் சீசன். தேன் பூவுலதானே வரும்? ரப்பர்ல அப்படி இல்லைங்க. புதுசா விடுற இலைக்காம்புல ஒரு இனிப்பு நீர் சுரக்குது, அதைத்தான் தேனீ எடுக்குது. மார்த்தாண்டத்துல நூறு வருஷத்துக்கு முன்னால ஒய்.எம்.சி.ஏ. காரங்க, ஸ்பென்சர் ஹேட்ச்னு ஒரு அமெரிக்கர் தலைமையில, பெட்டியில தேனீ வளர்க்கிறதைக் கிராமத்து ஜனங்களுக்குப் பழக்கியிருக்காங்க. இப்ப மார்த்தாண்டம் தேன்னா ஊருக்கே தெரியும். அந்தக் குழுப் பெண்கள் முகத்துக்கு ஒண்ணும் கட்டாம பெட்டியைத் திறந்து சட்டத்தைத் தூக்கிக் காட்டுறாங்க. கொட்டாதான்னு கேட்டா, "கொட்டும், அதுக்கென்ன"ன்னு சிரிக்கிறாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன். மத்தியானச் சாப்பாடு.

ஒரு குழுத்தலைவி வீட்டு முத்தத்துல எங்களுக்குப் பந்தி. இலையில சோறு இருக்கும்னு பார்த்தா, வெள்ளை வெளேர்னு ஆவி பறக்க என்னமோ வெச்சு, மேல மீன் குழம்பு ஊத்தினாங்க. என்னங்க இதுன்னு கேட்டா மரச்சீனின்னாங்க. வாயில வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. நம்ம குச்சிக்கிழங்கு! மரவள்ளி!

எங்க மாமனார் காலத்துல இருந்து நாங்க ரெண்டு ஏக்கர்ல கிழங்கு போடுறோம். நான் கல்யாணம் ஆகி வந்து பதினாறு வருஷம் ஆச்சு. குச்சி நட்டிருக்கேன், களை எடுத்திருக்கேன், மாவுப்பூச்சி வந்தப்ப மருந்து அடிச்சிருக்கேன், கிழங்கு பிடுங்கி லாரியில ஏத்தியிருக்கேன். மில்லுக்குப் போனா பாயிண்ட் பார்ப்பாங்க. மாவுச்சத்து எத்தனை பாயிண்டோ அதுக்குத் தக்க பணம். பாயிண்ட் குறைஞ்சா விலை குறையும், அன்னைக்கு வீட்டுல அடுப்பு எரிஞ்சாலும் யாரும் பேச மாட்டோம். எங்களுக்குக் கிழங்குன்னா பாயிண்ட்தான். பண்டிகைக்குக் குங்குமரோஸ் கிழங்கு நாலு வாங்கி அவிச்சுத் தின்போமே தவிர, ஒரு வேளைச் சோத்துக்குப் பதிலா அதை இலையில போட்டுப் பார்த்ததில்லை.

அங்கே ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்க. அவங்கதான் விவரம் சொன்னாங்க. இந்தச் செடி நம்ம நாட்டுது இல்லையாம், தென் அமெரிக்காவுல இருந்து வந்ததாம். திருவிதாங்கூர்ல விசாகம் திருநாள் ராஜா 1880ஆம் வருஷத்தை ஒட்டி இதைப் பரப்பியிருக்கார், பஞ்சம் வந்தா ஜனங்களுக்கு ஆகும்னு. அப்புறம் ரெண்டாம் உலகப்போர். 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்த அரிசி நின்னுபோச்சு. திருவிதாங்கூர் ஜனங்க அப்ப மரச்சீனியைத் தின்னுதான் உசிரு பிழைச்சாங்களாம். கன்னியாகுமரி அப்ப திருவிதாங்கூர்லதான் இருந்துச்சு, 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது.

அதே போர்லதான் மலேயா, சிங்கப்பூர், ஜாவாவுல இருந்து வந்துக்கிட்டிருந்த ஜவ்வரிசியும் நின்னிருக்கு. அப்பதான், 1943 வாக்குல, சேலத்துல மாணிக்கம் செட்டியார்னு ஒரு வியாபாரி, பினாங்குல இருந்த பொபட்லால் ஷா கூட சேர்ந்து மரவள்ளிக் கிழங்குல மாவு எடுத்து ஜவ்வரிசி பண்ண ஆரம்பிச்சிருக்கார். நம்ம ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மல்லசமுத்திரம் பக்கத்து ஆலை எல்லாம் அந்த வழியில வந்ததுதான். 1981ல சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்ததும் நமக்குத் தெரியும். ஒரே போரு. அங்கே கிழங்கு வயித்துக்குள்ள போச்சு, இங்கே மில்லுக்குள்ள போச்சு. எனக்கு இது பெரிய ஆச்சரியமா இருந்துச்சுங்க. பதினாறு வருஷமா மண்ணுல குனிஞ்சு பிடுங்கினது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு நாள் கூட நான் யோசிச்சதில்லை.

நாங்க ஆளுக்கு அரைக் கிலோ ஜவ்வரிசி கொண்டு போயிருந்தோம் அன்பளிப்பா. அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு பாட்டி, "இது மரச்சீனியிலயா செய்யுதிய?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் தெரியலை. சமமாப் போச்சு.

அவங்க அவிக்கிற முறையும் கேட்டுக்கிட்டோம். தோலை உரிச்சு, துண்டு போட்டு, நிறைய தண்ணியில கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணியை அப்படியே கொட்டிடணும். நஞ்சு அதுல போயிடும். நம்ம ஊர்ல ஆடு கிழங்குத் தழையைத் தின்னு வாயில நுரை தள்ளிச் சாகுறதைப் பார்த்திருப்பீங்க, அதே நஞ்சுதான். அப்புறம் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைச்சுப் போட்டு மசிச்சா ஆச்சு. மில்லுக்குப் போடுற கசப்பு ரகத்துல இதைச் செய்யாதீங்க, சாப்பிடுற ரகத்துலதான் செய்யணும். நாங்க இப்போ மாசம் ஒரு தடவை குழுக் கூட்டத்துல இதைச் செஞ்சு சாப்பிடுறோம். மீனுக்குப் பதிலா கோழிக்குழம்பு. நாமக்கல்காரங்க வேற என்ன செய்வோம்.

மறுநாள் கடல்.

முட்டத்துலதான் முதல்ல பார்த்தேன். பாறை மேல நின்னுக்கிட்டு யாரும் கொஞ்ச நேரம் பேசலை. எனக்குச் சந்தோசமா இருக்கும்னு நினைச்சேன், ஆனா பயமாத்தான் இருந்துச்சு. முடிவே இல்லாம கிடக்கு. அத்தைக்குக் காட்டணும்னு போன்ல வீடியோ எடுத்தேன், கை நடுங்கினதுல பாதி ஆகாசம்தான் விழுந்திருக்கு. மணவாளக்குறிச்சி பக்கம் கரையில மணல் கறுப்பா மின்னுது. அதுல இருந்து தாதுப்பொருள் எடுக்கிற மத்திய அரசு ஆலை அங்கே இருக்கு. குளச்சல்ல 1741ல மார்த்தாண்ட வர்மா ராஜா டச்சுக்காரங்களைத் தோற்கடிச்ச இடம்னு ஒரு தூண் காட்டினாங்க. அதெல்லாம் பஸ்ஸுல இருந்தபடியே பார்த்தது.

மத்தியானத்துக்கு மேல தூத்தூர் பக்கம் ஒரு மீனவ கிராமத்துக்குப் போனோம். கேரள எல்லைக்குப் பக்கம். அங்கே ஆம்பளைங்க ஆழ்கடலுக்குப் போறவங்க. ஒரு தடவை போனா ஒரு மாசம், அதுக்கு மேலயும் ஆகும். நிறையப் பேர் ஊர்ல இருந்து கூடக் கிளம்புறதில்லை, கொச்சித் துறைமுகம் போய் அங்கே படகு ஏறுறாங்க. ஊர்ல பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க. சமுதாயக் கூடத்துல குழுப் பெண்கள் கருவாடு, மீன் ஊறுகாய் எல்லாம் பரப்பி வெச்சிருந்தாங்க. ஊறுகாய் நல்லா இருந்துச்சு.

அதுல ஒரு அக்கா. என் வயசுதான் இருக்கும். பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல். புயல் எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாலேயே அவங்க வீட்டுக்காரர் நடுக்கடல்ல. அவ்வளவு தூரத்துல செல்போன் எடுக்காது. தகவல் சொல்ல வழியில்லை. அந்த அக்கா சொன்னதை எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி சொல்றேன். "ஆபீசர் வந்து கேட்டாவ, எந்தப் படகு, நம்பர் என்ன, முதலாளி யாரு, கூட எத்தனை பேரு, எந்தத் தேதியில எங்கேயிருந்து போனாவன்னு. எனக்குக் கொச்சின்னு மட்டும்தான் தெரியும் மக்களே. படகு பேரு கூடப் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதுதான். பத்து வருசம் ஒண்ணாக் குடும்பம் நடத்தினேன், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியல்ல."

உடம்பு கிடைக்கலைங்க. அந்த டிசம்பர்ல அந்தப் பக்கத்து ஜனங்க ஆயிரக்கணக்குல குழித்துறை ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உட்கார்ந்தாங்க, கடல்ல போய்த் தேடுங்கன்னு. இந்த அக்காவும் கைக்குழந்தையோட உட்கார்ந்திருக்காங்க. தமிழ்நாடு அரசு இறந்த மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய்னு அறிவிச்சுது. ஆனா ஆள் போனதுக்கு அத்தாட்சி வேணுமே. சாதாரணமா காணாமப்போன ஆளை ஏழு வருஷம் ஆனாத்தான் இறந்ததா எடுத்துக்குவாங்க. இந்த அக்காவுக்கு அடுத்த வருஷமே காகிதம் கிடைச்சுதாம், ஆனா அதுக்குள்ள நடையா நடந்திருக்காங்க. பேங்குல அவர் கணக்குக்கு நாமினி போட்டிருந்தது செத்துப்போன அவங்க மாமனார் பேரு. குழந்தைக்கு அப்பாவோட போட்டோ ஒண்ணு கூடச் சரியா இல்லையாம், கல்யாண ஆல்பம் தவிர.

அந்த அக்கா அழலை. ஊறுகாய் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டே சொன்னாங்க. நான்தான் வெளியே வந்து பஸ்ஸுக்குப் பின்னால நின்னு அழுதேன். அவங்களுக்காக மட்டும் அழுதேன்னு சொன்னா பொய்யாயிடும்.

ஏனுங்க, இங்கே திருச்செங்கோடு, மல்லசமுத்திரம், ராசிபுரம் பக்கத்துக்காரங்க எத்தனை பேர் இருக்கோம். நம்ம வீட்டு ஆம்பளைங்க எங்கே இருக்காங்க? ரிக் வண்டியில மத்தியப்பிரதேசம்ங்கிறோம், சத்தீஸ்கர்ங்கிறோம், ராஜஸ்தான்ங்கிறோம். லாரியில அசாம்ங்கிறோம். வண்டி நம்பர் யாருக்குத் தெரியும்? முதலாளியோட அண்ணன் மகன் யாரு, மேனேஜர் நம்பர் என்ன, கூட வேலை செய்யுற பையன் எந்த ஊரு? எனக்கு அந்த நிமிசம் வரைக்கும் தெரியாது. "வடக்க இருக்கார்"னு சொல்லுவேன், அவ்வளவுதான். அந்த அக்கா கொச்சின்னு சொன்ன மாதிரி.

பஸ்ஸுல திரும்பி வர்றப்ப ராத்திரி பதினோரு மணிக்கு அவருக்கு போன் பண்ணினேன். தூக்கத்துல எடுத்தார். வண்டி நம்பர் சொல்லுங்கன்னேன். "ஏன், பஸ்ஸு எதுலயாவது இடிச்சுப்போச்சா?"ன்னார். விவரம் சொன்னதும் கோபம் வந்துடுச்சு. "நான் செத்தா எவ்வளவு வரும்னு கணக்குப் போடுறியா? கடலைப் பார்க்கப் போனவளுக்கு இந்தப் புத்தி எங்கேருந்து வந்துச்சு?"ன்னு வெச்சுட்டார். வீட்டுக்கு வந்தா அவர் அத்தைகிட்ட முன்னாடியே சொல்லிட்டார் போலிருக்கு. "நல்ல நாளும் அதுவுமா தாலி கட்டினவனைப் பத்தி வாயில வர்ற பேச்சா இது"ன்னு அத்தை நாலு நாள் என்கூடப் பேசலை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்ற மாதிரி என்கிட்டச் சொல்லுவாங்க. வீடியோவும் பார்க்கமாட்டேன்னுட்டாங்க.

அஞ்சாம் நாள் நான் பேங்குக்குப் போய் அவரோட பாஸ்புக்கைக் காட்டிக் கேட்டேன். கணக்குல நாமினி யாருன்னு கணக்கு வெச்சிருக்கிறவர் வந்தாத்தான் சொல்லுவோம், மாத்துவோம்னாங்க. அதுவும் சரிதான். ஆனா அத்தை அன்னைக்கு ராத்திரி அவங்களாவே ஒரு விசயம் சொன்னாங்க. "அந்தக் கணக்கு ஆரம்பிச்சப்ப உங்க மாமனார் பேரைத்தான் போட்டாங்க, நான் கூடப் போயிருந்தேன்." எங்க மாமனார் இறந்து ஆறு வருஷம் ஆச்சுங்க. சொல்லிட்டு அத்தை கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் அவங்களே மகனுக்கு போன் போட்டு, "அவ கேக்குறதைச் சொல்லுடா"ன்னாங்க. நம்பர் வாட்ஸ்அப்புல வந்துச்சு. வண்டி போட்டோவும் வந்துச்சு, முன்னால அவர் நின்னுக்கிட்டு, சிரிக்காம.

மழைக்கு வண்டி நின்னு ஊருக்கு வந்தப்ப நாமினி மாத்தினோம். வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு ஒண்ணு பேங்குல இருக்கு, பிரதமர் சுரக்ஷா பீமா. விபத்துல இறந்தா ரெண்டு லட்சம். 436 ரூபாய் பிடிக்கிறது ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால இறந்தாலும் ரெண்டு லட்சம். சுரக்ஷாவுக்கு 18 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும், ஜீவன் ஜோதிக்கு 50 வயசுக்குள்ள சேரணும். ரெண்டுலயும் அவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "20 ரூபாய்க்கு இவ்வளவு சண்டையா"ன்னார். மே மாசக் கடைசியில கணக்குல அந்தப் பணம் இருக்கணும், இல்லேன்னா புதுப்பிக்காது. இதை மேலாளர் சாரே இங்கே இருக்கார், தப்பா சொன்னா திருத்துவார்.

அப்புறம் குழுவுல ஒரு நோட்டுப் போட்டோம். தீர்மானப் புத்தகத்துல எழுதலாம்னு ஊக்குநர் சொன்னாங்க, நான் வேண்டாம்னேன். அதை ஆடிட்டுக்கு எல்லாம் கொண்டு போவாங்க, இது வீட்டு விசயம். தனி நோட்டு. வீட்டுக்காரர் பேரு, வண்டி நம்பர், முதலாளி போன், மேனேஜர் போன், கூட வேலை செய்யுறவர் ஒருத்தர் போன், அவர் வீட்டு போன், இப்ப எந்த ஊர்ல வண்டி நிக்குது. மாசக் கூட்டத்துல கடனைத் திருப்பிக் கட்டும்போதே ஊரை மட்டும் திருத்திக்குவோம். எங்க குழுவுல பன்னிரண்டு பேர்ல ஏழு பேர் வீட்டுல வெளியூர் வேலை. அஞ்சு பேர் எழுதிட்டாங்க. ஒருத்தங்க வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கலை. ஒருத்தங்க, எழுதினா அப்படியே நடந்துடும்னு பயப்படுறாங்க. நான் வற்புறுத்தலை, எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு.

போன ஐப்பசியில ஒரு தடவை அந்த நோட்டு வேலைக்கு வந்துச்சு. எங்க குழுத் தங்கச்சி ஒருத்தியோட வீட்டுக்காரர் ரெண்டு நாளா போன் எடுக்கலை. முன்னாடின்னா கோயிலுக்கு ஓடியிருப்போம். நோட்டைப் பார்த்து மேனேஜருக்குப் போட்டோம், எடுக்கலை. கூட வேலை செய்யுற பையன் வீட்டுக்குப் போட்டோம், சங்ககிரியில அவன் அம்மா எடுத்தாங்க. பத்து நிமிசத்துல தெரிஞ்சுபோச்சு, காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்கார், போன் தண்ணியில விழுந்துடுச்சு. வேற ஒண்ணுமில்லை. ஆனா அந்தப் பத்து நிமிசம் அவ என் கையைப் பிடிச்சிருந்த பிடி இருக்கே, விரல் ரெண்டு நாள் வலிச்சுது.

தூத்தூர் அக்காகிட்ட இதைப் போன்ல சொன்னேன். அவங்க ஊர்லயும் இப்பப் படகு விவரம் எழுதி வெச்சுக்கிறாங்களாம். வர்ற ஆடி பதினெட்டுக்கு அவங்க குழுவைக் கொல்லிமலைக்குக் கூப்பிட்டிருக்கோம், வல்வில் ஓரி விழாவுக்கு. கருவாடு கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. எங்க அத்தை அவங்களுக்கு ஜவ்வரிசி வடாம் போட இப்பவே கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. கடல் வீடியோவையும் பார்த்தாச்சு. "பாதிக்கு மேல ஆகாசம்தானே இருக்கு, இதுக்கா அவ்வளவு தூரம் போனே"ன்னு கேட்டாங்க.

அந்த நோட்டு மாதிரி கூட்டமைப்புக்குன்னு ஒண்ணு புதுசா வாங்கி, கோடு போட்டுக் கொண்டு வந்திருக்கேன். பின்னால டீ வெச்சிருக்கிற மேஜை மேல இருக்கு, பேனாவும் கட்டியிருக்கேன். வண்டி நம்பர் இப்பவே தெரியாட்டியும் பரவாயில்லை, பேரை எழுதிட்டு, நம்பரை ராத்திரி போன் பண்ணிக் கேட்டுட்டு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க.